எண்ணிப் பார்த்த மருத்துவர்



தொண்டை வலியும் காது வலியும் எட்டிப் பார்க்காத வீடு ஏதேனும் உண்டா? பிள்ளை பிறந்து ஓராண்டு நிறைவதற்குள் ஓர் இரவேனும் காதைப் பிடித்துக்கொண்டு அழாத குழந்தையைப் பெற்ற தாய் அரிதினும் அரிது. மழைக்காலம் தொடங்கிவிட்டால் போதும். சளி, காய்ச்சல், தொண்டைப் புண் என்று வரிசையாக வந்து நிற்கும். அப்போது வீட்டில் எழும் கேள்வியும் வழக்கமானதே: "டான்சிலை எடுத்துவிடலாமா? காதில் குழாய் வைத்துவிடலாமா?" இக்கேள்விக்கு விடை தேடுவதிலேயே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த ஒரு குழந்தை மருத்துவரைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன். அவர் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரைச் சேர்ந்த டாக்டர் ஜாக் பாரடைஸ்.

மருத்துவத்துக்கும் எனக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. நான் வரலாற்றில் பட்டம் பெற்றவன். மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பவன். ஆயினும் செவியின் அருமையை என்னைப் போன்ற ஆசிரியர்கள் நன்கு அறிவர். எங்கள் கல்வி கண்ணால் தொடங்குவதற்கு முன்பே காதால் தொடங்கிவிடுகிறது. ஸீனுக்கும் ஸாதுக்கும், ஹம்ஸாவுக்கும் ஐனுக்கும் உள்ள நுண்ணிய வேறுபாட்டைப் பிள்ளை முதலில் கேட்க வேண்டும். கேட்டால்தான் நாவில் அது வரும். காது மந்தமான பிள்ளைக்கு இவ்விரண்டும் ஒன்றாகவே ஒலிக்கும். ஆகவே பிள்ளைகளின் தொண்டையும் காதும் எங்கள் வகுப்பறையின் விவகாரங்களே.

என் தங்கையின் மகனுக்கு அப்போது ஆறு வயது. அடிக்கடி தொண்டை வீங்கிக் காய்ச்சலில் படுத்துவிடுவான். ஒரு மருத்துவர் டான்சிலை எடுத்துவிடச் சொன்னார். மற்றொருவர் பொறுத்துப் பார்க்கலாம் என்றார். வீட்டிலும் இரண்டு கட்சி. "எடுத்துப்போட்டால் ஒரே நாளில் தொல்லை தீரும்" என்று அவனுடைய நன்னி ஒரு பக்கம், "சின்னப் பிள்ளையின் கழுத்தில் கத்தி வைப்பதா?" என்று அவனுடைய அத்தா மறுபக்கம். தங்கை என்னிடம் வந்து, "அண்ணே, நீங்களே ஒரு முடிவு சொல்லுங்கள்" என்றாள். நான் என்ன சொல்வேன்? என்னிடம் ஓதிப் பின்னர் மருத்துவம் பயின்று குழந்தை மருத்துவராகப் பணியாற்றும் மாணவர் ஒருவரிடம் கேட்டேன். அவர் சிரித்தபடி, "ஹஜ்ரத், இது உலகம் முழுவதும் நடந்த பழைய வழக்கு. பாரடைஸின் ஆய்வுகளைப் படித்துப் பாருங்கள், உங்களுக்குப் பிடிக்கும்" என்று சொல்லிச் சில கட்டுரைகளைத் தந்தார். புரியாத இடங்களைப் பொறுமையாக விளக்கவும் செய்தார். அவற்றிலிருந்து நான் அறிந்துகொண்டதையே இங்கே உங்களுக்குத் தருகிறேன்.

மிஞ்சிய 65 பிள்ளைகள்

முதலில் பழைய கதை ஒன்று. 1934-ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தைகள் நல அமைப்பு ஒன்று நியூயார்க் நகரப் பள்ளிகளில் பயின்ற பதினொரு வயதுப் பிள்ளைகள் 1,000 பேரைப் பற்றிய அறிக்கையை வெளியிட்டது. அவர்களில் 611 பேருக்கு ஏற்கெனவே டான்சில் எடுக்கப்பட்டிருந்தது! மிஞ்சிய 389 பேரை மருத்துவர்களிடம் காட்டினார்கள். அவர்களில் 174 பேருக்கு அறுவை தேவை என்று மருத்துவர்கள் கூறினார்கள். தேவையில்லை என்று கூறப்பட்ட 215 பேரை வேறு மருத்துவர்களிடம் காட்டியபோது, அவர்களிலும் 99 பேருக்குத் தேவை என்று தீர்ப்பு வந்தது. மீண்டும் மிஞ்சிய 116 பேரை மூன்றாம் முறை காட்டினார்கள். 51 பேருக்குத் தேவை என்றார்கள். முடிவில் ஆயிரம் பிள்ளைகளில் 65 பேரே தப்பினார்கள்.

வாசகர்களே, இதன் பொருள் என்ன? பார்க்கும் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அறுவை தேவை என்று சொல்வது மருத்துவர்களின் வழக்கமாகவே ஆகிவிட்டது. பிள்ளையின் தொண்டையைக் காட்டிலும் வழக்கமே தீர்ப்பை எழுதிற்று. 1938-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் டாக்டர் ஆலிசன் குளோவர் என்பவரும் இதையே வேறொரு வழியில் காட்டினார். ஒரே தட்பவெப்பமும் ஒரே வாழ்க்கை நிலையும் கொண்ட பகுதிகளுக்கிடையே கூட டான்சில் அறுவையின் அளவு பன்மடங்கு வேறுபட்டிருந்தது. வசதி மிக்க வீட்டுப் பிள்ளைகளுக்கே கத்தி அதிகமாக விழுந்தது. எனினும் வழக்கம் எளிதில் மாறுமா? அடுத்து வந்த பல ஆண்டுகளிலும் அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்குப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட டான்சில் அறுவைகள் நடந்தன.

நினைவும் பதிவும்

பாரடைஸ் இந்த வழக்கை எடுத்துக்கொண்டபோது, எவரும் கேளாத ஓர் எளிய கேள்வியிலிருந்து தொடங்கினார். "என் பிள்ளைக்கு மாதந்தோறும் தொண்டை வலி வருகிறது" என்று பெற்றோர் சொல்கின்றனர். அது உண்மையில் எத்தனை முறை வருகிறது?

இதை அறிய அவரும் அவருடைய துணைவர்களும் 65 பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். பெற்றோர் சொன்ன கணக்குப்படி அவர்கள் அனைவருமே கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள். ஆனால் எழுத்துப் பதிவு ஏதும் இல்லாதவர்கள். ஒவ்வொரு முறை தொண்டை வலித்தபோதும் நேரில் பரிசோதித்துக் குறித்துக்கொண்டே வந்தார்கள். 1978-ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. பெற்றோர் சொன்ன அளவுக்கு ஒத்து நோய் வந்தவர்கள் 11 பேர் மட்டுமே. அதாவது நூற்றுக்குப் பதினேழு பேர். மற்ற 54 பேரில் 43 பேருக்கு ஒரு முறையும் வரவில்லை, அல்லது ஓரிரு முறையே வந்தது. அவற்றிலும் பெரும்பாலானவை இலேசானவையே.

பெற்றோர் பொய் சொன்னார்களா? இல்லை. பிள்ளை அழுத ஓர் இரவு தாயின் உள்ளத்தில் பத்து இரவுகளாகப் பதிந்துவிடுகிறது. அவளுடைய அன்புதான் கணக்கைக் கூட்டிவிடுகிறது. அன்றி, நோய் மிகுந்து நிற்கும் வேளையில்தான் நாம் மருத்துவரிடம் செல்கிறோம். அதன் பின் அது தானாகவே தணிவதும் இயல்பு. வரலாறு படித்தவன் என்ற முறையில் இவ்வாய்வு என்னைக் கவர்ந்தது. நிகழ்ந்த அன்றே எழுதிய குறிப்புக்கும், ஆண்டுகள் கழிந்தபின் நினைவிலிருந்து சொல்லும் கதைக்கும் உள்ள தூரத்தை வரலாற்று மாணவன் நன்கு அறிவான். செய்தியைச் சொன்னவர் யார், அவர் எவ்வாறு அறிந்தார் என்று துருவிக் கேட்கும் மரபில் வளர்ந்த நமக்கும் இது புதியதன்று.

ஏழு, ஐந்து, மூன்று

அடுத்து, அறுவையினால் உண்மையிலேயே பயன் உண்டா என்பதை அவர் ஆராய்ந்தார். யாரை ஆய்வில் சேர்ப்பது என்பதற்கு ஒரு கண்டிப்பான அளவுகோலை வகுத்தார். ஓர் ஆண்டில் ஏழு முறை அல்லது அதற்கு மேல். அல்லது தொடர்ந்து ஈராண்டுகளில் ஆண்டுக்கு ஐந்து முறை. அல்லது தொடர்ந்து மூவாண்டுகளில் ஆண்டுக்கு மூன்று முறை தொண்டை நோய் வந்திருக்க வேண்டும். வெறும் கரகரப்பைக் கணக்கில் சேர்க்க முடியாது. தொண்டை வலியோடு 101 பாகை ஃபாரன்ஹீட் காய்ச்சலோ, கழுத்தில் நெறி கட்டுவதோ, டான்சிலில் வெள்ளைப் படிவமோ, பரிசோதனையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியோ இருந்தால்தான் அது ஒரு முறை என்று எண்ணப்படும். அதுவும் மருத்துவரின் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் உட்பட்ட 187 பிள்ளைகளின் முடிவு 1984-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளிவந்தது. அவர்களில் 91 பேரைக் குலுக்கல் முறையில் அறுவை, அறுவையின்மை என்று பிரித்தார்கள். மற்ற 96 பேர் பெற்றோரின் விருப்பப்படி பிரிந்தார்கள். முதல் ஈராண்டுகளில் அறுவை செய்துகொண்ட பிள்ளைகளுக்குத் தொண்டை நோய் தெளிவாகக் குறைந்திருந்தது. ஆகவே அறுவை பயன் தருகிறது என்பது மெய்ப்பிக்கப்பட்டது. ஆனால் அறுவை செய்துகொள்ளாத பிள்ளைகளிலும் பலருக்கு ஆண்டுக்கு மூன்று முறைக்கும் குறைவாகவே நோய் வந்தது. வந்தவற்றில் பெரும்பாலானவை இலேசாகவே இருந்தன. அறுவைக்குட்பட்ட 95 பேரில் 13 பேருக்குச் சிக்கல்கள் ஏற்பட்டன. அவை அனைத்தும் எளிதில் சரிசெய்யப்பட்டன அல்லது தாமாகவே தணிந்தன. எனவே எதைத் தேர்ந்தாலும் குற்றமில்லை. வீட்டாரும் மருத்துவரும் கலந்து முடிவு செய்யலாம் என்பதே ஆய்வின் தீர்ப்பு.

இந்த அளவுக்குக் கடுமையாகப் பாதிக்கப்படாத பிள்ளைகளை வைத்து நடத்திய ஆய்வின் முடிவை 2002-இல் அவர் வெளியிட்டார். அவர்களுக்குக் கிடைத்த சிறு பயன், அறுவையின் ஆபத்துக்கும் வேதனைக்கும் செலவுக்கும் ஈடாகாது என்று கூறினார். இன்று உலகின் பல நாட்டு மருத்துவ வழிகாட்டிகளில் ஏழு, ஐந்து, மூன்று என்னும் அவ்வளவுகோல் இடம்பெற்றிருக்கிறது. அதற்கு அவருடைய பெயரே வழங்குகிறது.

இதைப் படித்தபின் என் தங்கையிடம் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்தேன். "ஒவ்வொரு முறையும் தேதி, காய்ச்சலின் அளவு, மருத்துவர் கண்டது ஆகியவற்றை எழுதிவை, ஓராண்டு கழித்துப் பேசுவோம்" என்றேன். அவளுடைய மாமியாருக்குச் சற்று வருத்தம்தான். ஓராண்டின் முடிவில் நோட்டை விரித்துப் பார்த்தோம். மாதந்தோறும் வருவதாக அனைவரும் நம்பியிருந்த நோய் நான்கு முறை வந்திருந்தது. அவற்றில் காய்ச்சலோடு வந்தவை இரண்டு. அதைக் கண்ட மருத்துவர் அறுவைப் பேச்சை ஒத்திவைத்தார். பேரனின் நோட்டை நன்னியே வாங்கிப் பார்த்துவிட்டு, "நான் இருபது என்றல்லவா நினைத்தேன்!" என்றார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பொறுத்திருப்பது என்றால் மருந்தின்றி இருப்பதன்று. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வரும் தொண்டைப் புண்ணைக் கவனியாது விட்டால் வாதக் காய்ச்சல் ஏற்பட்டு இதய வால்வுகள் பழுதுபடக்கூடும். நம் நாட்டில் இத்துன்பம் இன்னும் மறைந்துவிடவில்லை. மருத்துவர் கொடுத்த மருந்தைச் சொன்ன நாள் வரை முழுமையாகக் கொடுத்து முடிக்க வேண்டும்.

நடுச்செவியில் நீர்

இனிக் காதுக்கு வருவோம். செவிப்பறைக்கு உட்புறம் நடுச்செவி இருக்கிறது. அங்கிருந்து தொண்டையின் மேற்பகுதிக்கு ஒரு சிறு குழல் செல்கிறது. குழந்தைகளுக்கு அக்குழல் குட்டையாகவும் ஏறத்தாழக் கிடையாகவும் அமைந்திருப்பதால், சளி பிடித்தவுடன் அது அடைபட்டு நடுச்செவியில் நீர் தேங்கிவிடுகிறது. வலியோ காய்ச்சலோ இல்லாமலேயே வாரக்கணக்கில் தேங்கி நிற்பதும் உண்டு. அப்போது காதில் பஞ்சை வைத்து அடைத்தாற்போலப் பிள்ளைக்குக் கேட்கும்.

பாரடைஸும் அவருடைய துணைவர்களான டாக்டர் புளூஸ்டோன், ஃபெல்டர் ஆகியோரும் அண்ணப் பிளவோடு பிறந்த 50 குழந்தைகளை ஆராய்ந்து 1969-இல் ஓர் உண்மையைக் கூறினார்கள். அக்குழந்தைகளுக்கு நடுச்செவி நோய் தவறாது வருகிறது என்பதே அது. அதுவரை அந்தத் தாய்மார்களின் கவலையெல்லாம் பிள்ளையின் வாயைப் பற்றியதாகவே இருந்தது. காதையும் கவனிக்க வேண்டும் என்று உலகம் அதன்பின் உணர்ந்தது. இத்தகைய குழந்தைகளால் தாயிடம் நேரே பாலருந்த இயலாது. ஆயினும் தாய்ப்பாலைக் கறந்து புட்டியில் ஊட்டினால், அது அவர்களின் காதுகளுக்கு ஓரளவு காவலாகிறது என்பதையும் 1994-இல் அவர் காட்டினார். தாய்ப்பாலின் மாண்பை அறிந்த நம் சகோதரிகளுக்கு இது மகிழ்ச்சியான செய்தியன்றோ!

குறையின்றிப் பிறந்த குழந்தைகளின் நிலை என்ன? பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் 2,253 குழந்தைகளை ஈராண்டுகள் தொடர்ந்து பார்த்து 1997-இல் அவர் எழுதினார். ஓராண்டு நிறைவதற்குள் நூற்றுக்கு 79 பேருக்கும், ஈராண்டு நிறைவதற்குள் 91 பேருக்கும் ஒரு முறையேனும் நடுச்செவியில் நீர் தேங்கியிருந்தது. வறுமையும், பல குழந்தைகளோடு நெருங்கிப் பழகுவதும் இதற்கு முக்கியக் காரணங்கள். வீட்டில் புகைப்பவர் இருப்பதும் ஓரளவு தீங்கு செய்கிறது. தாய்ப்பால் ஓரளவு காக்கிறது.

1954-இல் டாக்டர் ஆம்ஸ்டிராங் என்பவர் செவிப்பறையில் சிறு துளையிட்டு ஒரு நுண்ணிய குழாயைப் பொருத்தும் முறையை அறிமுகப்படுத்தியிருந்தார். அது அமெரிக்காவில் மிக வேகமாகப் பரவிற்று. இளம் வயதில் காது மந்தமானால் பேச்சும் அறிவும் குன்றிவிடும் என்ற அச்சமே அதற்குக் காரணம். எந்தத் தாய்க்குத்தான் அந்த அச்சம் இராது? அந்த அச்சம் மெய்தானா என்பதை அளந்து பார்க்கத் துணிந்தார் பாரடைஸ்.

இதற்காகப் பிறந்து இரண்டு மாதத்துக்குட்பட்ட 6,350 குழந்தைகளைப் பதிவு செய்து, மூன்று வயது வரை காதுகளைப் பரிசோதித்து வந்தார்கள். இரு காதுகளிலும் 90 நாட்கள், அல்லது ஒரு காதில் 135 நாட்கள் தொடர்ந்து நீர் நின்ற 429 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு உடனே குழாய். மற்றொரு பிரிவுக்கு மேலும் ஆறு அல்லது ஒன்பது மாதங்கள் பொறுத்து, அப்போதும் நீர் வற்றாதிருந்தால் மட்டுமே குழாய். மூன்று வயதில் 402 பிள்ளைகளைச் சோதித்தபோது, உடனடிப் பிரிவில் நூற்றுக்கு 82 பேருக்கும், பொறுத்திருந்த பிரிவில் 34 பேருக்கும் மட்டுமே குழாய் வைக்கப்பட்டிருந்தது. பேச்சு, மொழி, அறிவுத்திறன், நடத்தை ஆகிய எதிலும் இரு பிரிவினருக்கும் வேறுபாடு காணப்படவில்லை. இது 2001-இல் வெளியாயிற்று.

"மூன்று வயதில் தெரியாதது பின்னர் தெரியலாம் அல்லவா?" என்று சிலர் வினவினார்கள். நியாயமான வினாதான். அவர் அதே பிள்ளைகளை நான்கு வயதிலும், ஆறு வயதிலும் மீண்டும் சோதித்தார். ஒன்பது முதல் பதினொரு வயதில் வாசிப்பு, எழுத்து, கவனம், பள்ளித் தேர்ச்சி ஆகியவற்றையும் சோதித்து 2007-இல் முடிவை வெளியிட்டார். அப்போதும் வேறுபாடு இல்லை. தொட்டிலில் தொடங்கிப் பள்ளிக்கூடம் வரை ஒரே கேள்வியோடு பின்தொடர்ந்த அந்தப் பொறுமையை எண்ணி நான் வியக்கிறேன். அடிக்கடி காதில் சீழ்நோய் வரும் 250 குழந்தைகளைப் பற்றி 2021-இல் வெளியான ஆய்வின் ஆசிரியர்களிலும் அவர் பெயர் இருக்கிறது. குழாய் வைத்த பிள்ளைகளுக்கு ஆண்டுக்குச் சராசரி 1.48 முறை, மருந்தினால் மட்டும் பார்க்கப்பட்ட பிள்ளைகளுக்கு 1.56 முறை. குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

எல்லையை அறிவோம்

சகோதர சகோதரிகளே, இதைப் படித்துவிட்டு, "இனி எந்த அறுவையும் வேண்டாம், ஹஜ்ரத் எழுதியிருக்கிறார்" என்று எவரும் சொல்லிவிடக் கூடாது. அந்த ஆய்வில் இருந்தவர்கள் வேறு குறையில்லாத குழந்தைகள். அண்ணப் பிளவு உள்ள குழந்தைக்கும், பிறவியிலேயே செவிநரம்பு பழுதான குழந்தைக்கும், பேச்சு ஏற்கெனவே பின்தங்கிய குழந்தைக்கும் அம்முடிவுகளை அப்படியே பொருத்திப் பார்த்தல் தகாது. அவர்களைக் காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

என் வகுப்பில் ஒரு சிறுமி ஓதிக்கொண்டிருக்கும்போதே தூங்கி விழுவாள். இரவில் உரக்கக் குறட்டை விடுகிறாள், இடையிடையே மூச்சு நின்று திணறுகிறாள் என்று அவளுடைய அம்மா சொன்னார். இது தொண்டை வலிக் கணக்கு அன்று; வேறு கணக்கு. பெருத்த டான்சிலும் மூக்கின் பின்னுள்ள அடினாய்டு சதையும் மூச்சை அடைக்கும்போது அறுவை பெரிதும் உதவுகிறது. 2013-இல் அமெரிக்காவில் 464 பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வில், கவனத்திறனை அளக்கும் சோதனையில் பெரிய மாற்றம் காணாவிடினும், உறக்கமும் நடத்தையும் வாழ்க்கை நலமும் அறுவையால் மேம்பட்டன. அச்சிறுமிக்கு மருத்துவர் அறுவை செய்தார். இன்று அவள் விழித்திருந்து ஓதுகிறாள், அல்ஹம்துலில்லாஹ்.

இன்னொரு சிறுவன். "சொன்ன பேச்சைக் கேட்பதேயில்லை, ஹஜ்ரத்; நன்றாகக் கண்டியுங்கள்" என்று அவனுடைய அத்தா என்னிடம் ஒப்படைத்தார். பின்னாலிருந்து மெல்ல அழைத்துப் பார்த்தேன், அவன் திரும்பவில்லை. கண்டிப்பதற்கு முன் காதைச் சோதியுங்கள் என்று அனுப்பிவைத்தேன். இரு காதுகளிலும் நீர் தேங்கியிருந்தது. மருத்துவர் மூன்று மாதம் பொறுத்துப் பார்க்கலாம் என்றார். அந்த மூன்று மாதமும் அவனை என் முன்னால் அமர்த்தி, முகம் பார்த்துப் பேசினேன். நீர் தானாகவே வற்றிற்று. கத்தியும் தேவைப்படவில்லை, பிரம்பும் தேவைப்படவில்லை.

ஆகவே உங்களிடம் நான் வேண்டுவது இவ்வளவே. வீட்டில் ஒரு நோட்டை வையுங்கள். பிள்ளையின் நோயை அன்றன்றே எழுதுங்கள். மருத்துவரிடம் செல்லும்போது கண்ணீரோடு அந்த நோட்டையும் கொண்டு செல்லுங்கள். அறுவை வேண்டும் என்று சொன்னால், "எந்தக் காரணத்துக்காக? பொறுத்திருந்தால் என்ன ஆகும்?" என்று பணிவோடு கேளுங்கள். நல்ல மருத்துவர் அக்கேள்வியால் வருந்த மாட்டார். பிள்ளைக்குச் சரியாகக் கேட்கவில்லை என்ற ஐயம் எழுந்தால் அன்றைக்கே செவிச் சோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். புகைக்கும் பழக்கமுள்ள தந்தைமார் பிள்ளையின் காதை நினைத்தேனும் அதை விட்டுவிடுங்கள்.

செய்வதற்குத் துணிவு வேண்டும் என்பார்கள். செய்யாமல் பொறுத்திருக்கவும் துணிவு வேண்டும். ஆனால் அந்தப் பொறுமை கண்ணை மூடிக்கொண்டிருப்பதாக இருக்கலாகாது. நாள்தோறும் பார்த்து, எண்ணி, எழுதிவைக்கும் பொறுமையாக அது இருக்கட்டும்.